சாக்லேட் சுவையில் இருபத்து நான்கு கிராம்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் மாத்திரை. தினமும் மூன்று மாத்திரைகளையும் ஒரே தடவையில், வெறும் வயிற்றில் போட வேண்டும்.

அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் எடை பார்த்தார்கள். முப்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம். கல்யாணத்தின்போது ஐம்பத்திரண்டு இருந்தேன். சுகாதாரப் பார்வையாளர் எஸ்தர் அக்கா அட்டையில் எண்ணை எழுதிவிட்டு, "ஒரு நோட்டு போட்டுக்கங்க திலகவதி. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்டது, எடை, எல்லாத்தையும் எழுதி வைங்க. ஆறு மாசம், ஒரு நாளும் விடக்கூடாது" என்றார்.

"அது மட்டும்தான் எழுதணுமாக்கா?"

"மனசுல வாறதையும் எழுதுங்க. யாரு கேக்கப் போறா?"

கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். அதனால் முறையாகவே தொடங்குகிறேன். பெயர் திலகவதி, வயது முப்பத்தொன்று. கணவர் கதிரேசன், கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே மகள் மிருதுளா, வயது நான்கு. நான் தற்போது இருப்பது அருப்புக்கோட்டை, அம்மா வீடு.

'தற்போது' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன்.

நோய் என்னவென்று தெரிந்த மறுநாளே அவர் கார் பிடித்து என்னை இங்கே அனுப்பிவைத்தார். கம்பெனியில் லீவு கிடைக்காததால் கூட வர முடியவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. பயந்து போன் செய்தேன். மாத்திரையின் நிறம்தான் என்று எஸ்தர் அக்கா சிரித்தார். மாத்திரை ஆறரை மணி. இட்லி இரண்டு.

ஜூன் 9, ஞாயிறு

வீடியோவில் மிருதுவைப் பார்த்தேன். இந்திராணி மதினி போனைப் பிடித்திருந்தார். என் கணவரின் அக்கா. அதே வீட்டின் மாடியில் இருப்பவர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை.

"அம்மா, உன் மூஞ்சி ஏன் சின்னதாயிருச்சு?" என்று மிருது கேட்டாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல்டா தங்கம்."

"பெருசாயிட்டு வா."

மிருதுவுக்கும் பரிசோதனை செய்திருக்கிறார்கள். நோய் இல்லை. ஆனாலும் சின்னப் பிள்ளை என்பதால் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மதினி அதைத் தேனில் கரைத்துத் தருகிறாராம். மதினி இல்லாவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? அவருக்கு நன்றியாக இருக்க வேண்டும். இருக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

எடை 38.6. நானூறு கிராம் கூடியிருக்கிறது. அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

ஜூன் 20, வியாழன்

அவர் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். பெரிய கறுப்பு டப்பா, புரோட்டீன் பவுடர். மேலே தோள்பட்டை பருத்த ஒருவரின் படம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பயில்வானுக்குள்ளதுல்ல?" என்றாள்.

லேபிளை முழுதாக வாசித்தேன். பழக்க தோஷம். ஒரு கரண்டி முப்பத்திரண்டு கிராம். அதில் புரதம் இருபத்து நான்கு கிராம், மாவுச்சத்து மூன்று, கொழுப்பு ஒன்றரை. நூற்றிருபது கலோரி. பால் திரிந்து பிரிந்த நீரிலிருந்து எடுத்த புரதம், கோகோ தூள், இனிப்பூட்டி. 'சாக்லேட் சுவை' என்று பெரிதாகப் போட்டிருந்தது. சாக்லேட் என்று போடவில்லை. பத்திரத்தில் இப்படி ஒரு சொல் கூடினால் சொத்தே கை மாறிவிடும். ஆனால் இது டப்பாதானே.

போன் செய்தேன்.

"கம்பெனியில ஜிம்முக்குப் போற ஒருத்தர் சொன்னாரு" என்றார் அவர். "இதவிடச் சத்து எதுலயும் கெடையாதாம். மூணு வேளையும் ஒவ்வொரு கரண்டி தண்ணியில கலக்கிக் குடி."

"நீங்க எப்ப வாறீங்க?"

"நாப்பத்தஞ்சு கிலோ ஆகட்டும் திலகா. நானே பாப்பாவக் கூட்டிட்டு வந்து விட்டுர்றேன்."

நாற்பத்தைந்து. இன்னும் ஆறு கிலோ நானூறு கிராம்.

இவ்வளவு தூரத்தில் இருந்தும் என் உடம்பைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21, வெள்ளி

மூன்று வேளையும் குடித்தேன். முதல் வாய் இனிப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஏதோ மாவு போல நிற்கிறது. நுரை அடங்கப் பத்து நிமிஷம் ஆகிறது. குடித்தபின் இரண்டு மணி நேரத்துக்குப் பசியே இல்லை. நல்ல சத்து என்றுதான் அர்த்தம்.

ஜூலை 1, திங்கள்

எடை 38.9. காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் பாதி குறைந்தது.

ஜூலை 11, வியாழன்

அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் பவுடர் குடித்துவிட்டேன், பசி இல்லை என்றேன்.

"சோத்தக் கண்டா எந்திரிச்சு ஓடுத. அந்தப் பொடியக் கண்டா மட்டும் மடக்கு மடக்குன்னு குடிக்க. அதுல என்ன, ஒம் புருசன் மூஞ்சியா தெரியுது?"

"அம்மா, இதுல இருபத்து நாலு கிராம் புரதம் இருக்கு."

"எனக்குக் கிராமெல்லாம் தெரியாது. ஒன் தோள்பட்ட எலும்பு தெரியுது."

அம்மா கோபத்தில் பேசுகிறாள். அவள் படிக்காதவள்.

ஜூலை 15, திங்கள்

எடை 38.4. இயந்திரத்தில் ஏதோ கோளாறு போல. எஸ்தர் அக்கா இன்று விடுப்பு.

இன்றே இரண்டாவது டப்பாவும் வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. பில் மட்டும்.

ஜூலை 22, திங்கள்

மிருதுவை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டார்கள். மதினி படம் அனுப்பியிருந்தார். நீலச் சீருடை, இரட்டை ஜடை, கழுத்தில் அடையாள அட்டை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் மிருதுளா. தந்தை கதிரேசன். தாய் இந்திராணி.

அச்சுப் பிழையாக இருக்கும். எங்கள் அலுவலகத்திலேயே இப்படி எத்தனை முறை நேர்ந்திருக்கிறது. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியில் அடித்துவிடுவோம்.

இன்று நான்கு டம்ளர் குடித்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

மாத்திரை ஆறரை. மூன்று டம்ளர். வேறொன்றும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சளிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். சளியே வரவில்லை. காறிக் காறித் தொண்டை வலிக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

சளியில் கிருமி இல்லை.

இதை எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் பேனாவைக் கீழே வைத்தேன். இரண்டு மாதமாக இந்த ஒரு வரியை எழுதத்தான் காத்திருந்தேன்.

ஆனால் எடை 37.9. டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். கிருமி போய்விட்டது, எடை ஏன் ஏறவில்லை என்று கேட்டு எஸ்தர் அக்காவிடம் அனுப்பினார். அக்கா என் நோட்டைக் கேட்டு வாங்கினார். சாப்பாட்டுக் கணக்கை மட்டும் காட்டினேன். அவர் விரல் வரிவரியாக இறங்கியது.

"காலையில ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். சோறு எங்க?"

"அதைக் குடிச்சா வயிறு நெறைஞ்சிருதுக்கா."

டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பிறகு அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டினார்.

"மூணு கரண்டி, எழுபத்திரண்டு கிராம் புரதம். தாராளம், ஒண்ணும் குறையில்ல. ஆனா கலோரி? முன்னூத்தறுவது. அது போக ரெண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சோறு. எல்லாம் சேத்தாலும் எண்ணூறு தாண்டாது. ஒங்க ஒடம்புக்கு இப்ப ரெண்டாயிரம் வேணும்."

"புரதம்தானே சதை வைக்கும்?"

"வைக்கும். ஆனா அடுப்பு எரிய விறகு வேணும்ல? விறகு இல்லேன்னா ஒடம்பு என்ன செய்யும் தெரியுமா? கதவு செய்ய வாங்கி வச்ச மரத்த எடுத்து அடுப்புல போட்டுரும். அதுவும் பத்தலேன்னா இருக்கிற கதவையும் ஒடைக்கும். நீங்க குடிச்சதெல்லாம் அப்படித்தான் எரிஞ்சு போயிருக்கு."

அட்டையின் பின்பக்கத்தில் இருந்த பென்சில் எண்களையே பார்த்தேன்.

"டப்பா கெட்டதுன்னு நான் சொல்லல" என்றார் அக்கா, கொஞ்சம் மென்மையாக. "சாப்பாட்டுக்கு மேல ஒரு கரண்டி, அதுவும் பால்ல கலக்கிக் குடிங்க. நல்லது. சாப்பாட்டுக்குப் பதிலாக் குடிக்காதீங்க. ரெண்டு முட்டையில பன்னெண்டு கிராம் புரதம் இருக்கு. ஒரு கை நெலக்கடலையில ஏழு. பாசிப்பயறு சுண்டல், பருப்புச் சோறு, நெய். ஒங்க ஊருல இல்லாத கடலையா?"

பிறகு அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, "இனிமே ஒங்களால யாருக்கும் தொத்தாது. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க. பிள்ளையத் தாராளமாத் தூக்கிக் கொஞ்சலாம்" என்றார்.

"நாற்பத்தஞ்சு கிலோ ஆகணும்லக்கா?"

"எதுக்கு?"

"பிள்ளையப் பாக்குறதுக்கு."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "எந்த டாக்டர் அப்படிச் சொன்னது?"

வீட்டில் பேசிக்கொண்டதுதான் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அவருக்குப் போன் செய்து சொன்னேன். கிருமி இல்லை, தொற்றாது என்று இரண்டு முறை சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது.

"நல்லது திலகா. ரொம்ப நல்லது. ஆனா எடை ஏறட்டும்."

மத்தியானம் பருப்புச் சோறு, முட்டை இரண்டு. சாப்பிட முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படிக்காதவள் என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17, சனி

மூன்றாவது டப்பா வந்தது. வழக்கமாக வரும் கூரியர் இல்லை. பார்சலில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து அலுவலகத்தின் முத்திரை, பதினைந்தாம் தேதி. கம்பெனி ஆள் யாராவது இந்தப் பக்கம் வந்திருப்பார்கள்.

நிலக்கடலை இரண்டு கை. பால் இரண்டு டம்ளர். பவுடர் ஒரு கரண்டி.

ஆகஸ்ட் 19, திங்கள்

39.3.

செப்டம்பர் 2, திங்கள்

40.8. கண்ணாடியில் கன்னம் தெரிகிறது.

பழைய முதலாளி சங்கரலிங்கம் சார் கடைத்தெருவில் பார்த்துவிட்டார். முகக்கவசம் எதுவும் தேடாமல் நேராக வந்து நின்று பேசினார். தட்டச்சுக்கு ஆள் இல்லையாம். "அரை நாள் வந்தாக்கூடப் போதும்மா. ஒன்ன மாதிரிப் பிழையில்லாம அடிக்க ஆளு கெடைக்கல" என்றார். எனக்கு என்ன நோய் என்று சொன்னேன். "தெரியும். எங்க அண்ணனுக்கும் இருந்துச்சு. இப்ப அவன் பேரன் எடுத்தாச்சு" என்றார்.

செப்டம்பர் 16, திங்கள்

வேலைக்குப் போகத் தொடங்கினேன். காலை பத்து முதல் ஒன்று வரை. எடை 42.2. முதல் நாள் இரண்டு பக்கத்திலேயே விரல் வலித்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மிருதுதான் போனை எடுத்தாள்.

"அத்தை எங்கடா?" என்று கேட்டேன்.

"அம்மா குளிக்கப் போயிருக்காங்க."

வாய் தவறியிருக்கும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தோசை என்றாள். யார் ஊட்டிவிட்டது என்று கேட்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

44.0. இன்று மிருது போனில் பேசவில்லை. விளையாடிக்கொண்டிருக்கிறாளாம்.

அக்டோபர் 21, திங்கள்

நாற்பத்தைந்து கிலோ நூறு கிராம்.

இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தேன். அதே எண். எஸ்தர் அக்கா கைதட்டினார். மருத்துவமனை வாசலிலேயே நின்று அவருக்குப் போன் செய்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

"சந்தோசம் திலகா. ஆனா அவசரப்பட வேண்டாம். ஒரு அம்பது ஆயிரட்டும்."

"நாப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அம்பதுன்னா இன்னும் நல்லாருக்கும்ல. தீபாவளிக்குப் பாப்பாவுக்கு அக்கா பாவாட எடுத்தாச்சு. இங்கயே கொண்டாடட்டும். பொங்கலுக்குப் பாப்போம்."

சரி என்றேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆட்டோ பிடிக்க மறந்துவிட்டது.

அக்டோபர் 26, சனி

பார்சல். இரண்டு டப்பாக்கள். புடவை இருக்குமோ என்று அடி வரை துழாவிப் பார்த்தேன்.

அம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதைப் பற்றி இத்தனை நாள் எதுவும் கேட்காதவள், இன்று கேட்டாள்.

"ஏத்தா, இன்னும் எத்தன டப்பா குடிச்சா அவன் வருவான்?"

இரண்டு டப்பாவையும் பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பதிலை இங்கேயும் எழுத வரவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாத்திரை ஆறு மணி. இட்லி ஆறு, கறிக்குழம்பு. மிருதுவின் படம் வந்தது. புதுப் பாவாடையில், அவருக்கும் மதினிக்கும் நடுவில் நிற்கிறாள். நன்றாக வளர்ந்திருக்கிறாள்.

நவம்பர் 3, ஞாயிறு

ஒன்று எழுத வேண்டும்.

அடையாள அட்டையில் இருந்தது அச்சுப் பிழை இல்லை. ஜூலையிலேயே எனக்குத் தெரியும். ஆறு வருஷம் பிழை பார்த்தே பிழைத்தவளுக்கு, எது கை தவறியது, எது தெரிந்தே அடித்தது என்று தெரியாதா?

அவர் வரப்போவதில்லை. ஐம்பது ஆனால் ஐம்பத்தைந்து என்பார்.

பையில் ஒரு வார மாத்திரை எடுத்து வைத்தேன். அம்மா நிலக்கடலையை வறுத்துக் கட்டித் தந்தாள். எதற்கு, எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. "பிள்ள மொதல்ல வராது. அழுவாத" என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் 5, செவ்வாய் (கோயம்புத்தூர்)

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

விடியற்காலைப் பேருந்து, மதுரையில் மாறி, இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தேன். மதினி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை தானாகச் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனது. பாதியில் நின்று, கீழே இறங்கியது. அந்தக் கை இறங்கியதை நான் மறக்க மாட்டேன்.

"வா திலகா" என்றார்.

மிருது மூன்றரைக்குப் பள்ளி வேனில் வந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் நின்றாள். என்னைத் தெரிந்தது. தெரிந்தும் மதினியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, சேலையைப் பிடித்தபடி ஒரு கண்ணால் பார்த்தாள். அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் நான் அழவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

மதினி பின்னாலேயே வந்தார். நான் கேட்பதற்கு முன்பே பேசினார்.

"அட்டையப் பாத்திருப்ப. பள்ளிக்கூடத்துல அம்மா பேரு என்னன்னு கேட்டாங்க. தம்பி ஒண்ணும் பேசாம நின்னான். நான் என் பேரச் சொல்லிட்டேன். தப்புன்னு தெரியும். ஒரு தடவ சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவரைத் திட்டுவதற்கு என்று பேருந்தில் எட்டு மணி நேரம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை.

"நான் அவளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன் மதினி."

"தெரியும்." அடுப்புத் திட்டில் இல்லாத அழுக்கைத் துடைத்தார். "நீ வருவேன்னு தீபாவளிக்கே நெனச்சேன். ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா மனசத் தேத்தி வச்சிருப்பேன்."

கம்பெனி முடிந்து அவர் ஆறு மணிக்கு வந்தார். என் செருப்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டை மூக்கிலேயே நின்றது.

"கிருமி இல்லன்னு சொல்லி மூணு மாசமாச்சு" என்றேன்.

"தெரியும்."

"அஞ்சு மாசம். ஒரு தடவ வந்து வாசல்ல நின்னுட்டாவது போயிருக்கலாம்."

"வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஆகஸ்ட் பதினஞ்சு லீவு. டப்பாவ எடுத்துக்கிட்டு அருப்புக்கோட்ட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அங்க பெஞ்சில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். எந்திரிக்க முடியல. டப்பாவப் பக்கத்துக் கூரியர்ல குடுத்துட்டுத் திரும்பிட்டேன்."

முற்றத்துச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். அவர் அப்பா மாரடைப்பில் இறந்தார் என்றுதான் கல்யாணத்தின்போது சொல்லியிருந்தார்கள். ஐந்து வருஷமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"எங்கப்பாவுக்கும் இதுதான்" என்றார். "கோவில்பட்டி வீட்டுல பின்னாடி அறையில போட்டு வச்சிருந்தாங்க. எனக்கு ஒம்பது வயசு. சாப்பாட்டத் தட்டுல வச்சுக் கதவுக்கு அடியில தள்ளிவிடுறது என் வேல. தட்டு காலியா வெளிய வரும். அத எடுத்துட்டு வந்துருவேன். உள்ள பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஒரு நாள் தள்ளுன தட்டு அப்படியே இருந்துச்சு. மறுநாளும் அப்படியே இருந்துச்சு."

மதினி மாடிப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் அதே அப்பாதானே.

கணவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விடவில்லை. இப்போதும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எனக்குத் தட்டு போதாதுங்க" என்றேன்.

நவம்பர் 6, புதன் (கோயம்புத்தூர்)

பிள்ளையை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று முடிவு செய்து, இங்கேயே இருக்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன். மிருது நான்கடி தள்ளி வந்து உட்கார்ந்தாள். பிறகு இரண்டடி. பிறகு ஒரு கடலையை எடுத்து உரிக்க முயன்று, முடியாமல் என்னிடம் நீட்டினாள். உரித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக இருபது கடலை. கடைசியில் மடியில் இருந்தாள்.

மதினி தள்ளி நின்று பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நவம்பர் 8, வெள்ளி

நேற்று ஊர் வந்து சேர்ந்தோம். மதினிதான் மிருதுவின் துணிகளை மடித்துப் பையில் அடுக்கினார். ஒவ்வொரு துணியையும் இரண்டு முறை மடித்தார். பள்ளிக்குப் போய் அட்டையை மாற்றி, மாற்றுச் சான்றிதழும் வாங்கித் தந்தார். சனிக்கிழமைதோறும் நீங்கள் வர வேண்டும் என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அவரும் உபசாரத்துக்குத் தலையாட்டவில்லை.

பேருந்தில் திண்டுக்கல் தாண்டியதும் மிருது கேட்டாள்.

"அம்மா எப்ப வருவாங்க?"

"அத்தை சனிக்கிழமை வருவாங்க."

அவள் ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ சனிக்கிழமை போயிருவியா?"

"இல்லடா. நான் இருப்பேன்."

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"எல்லாச் சனிக்கிழமையும்."

நவம்பர் 18, திங்கள்

எடை 46.4. பிரிக்காத இரண்டு டப்பாக்களையும் எஸ்தர் அக்காவிடம் கொடுத்தேன். பல் இல்லாத ஒரு பெரியவர் புதிதாகச் சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கிறார். கஞ்சியில் கலந்து கொடுக்கலாம் என்றார் அக்கா. "கஞ்சியோட. கஞ்சிக்குப் பதிலா இல்ல" என்று அவரே மறுபடி சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் 2, திங்கள்

கடைசி மாத்திரை. சளியில் கிருமி இல்லை. 47.2. அட்டையில் 'குணமானது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

டிசம்பர் 7, சனி

மதினி நாலாவது முறையாக வந்தார். இந்த முறை அவரும் கூட வந்தார்.

தெருமுனையில் இறங்கியதிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி முன்னால், அவர் பத்தடி பின்னால். வாசலில் நின்றார். அம்மா, "உள்ள வாங்க மாப்ள" என்று ஒரு தடவைதான் சொன்னாள். கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். கையில் எதுவும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மிருது ஓடிப்போய் மதினியின் மடியில் ஏறிக்கொண்டு அங்கிருந்தபடி அப்பாவுக்குப் பள்ளிக்கூடப் பாட்டைப் பாடிக் காட்டினாள்.

எப்போது வீட்டுக்கு வருவாய் என்று என்னிடம் கேட்டார்.

"தை பொறக்கட்டும். நானே சொல்றேன்."

சரி என்று தலையசைத்தார். அந்த நாளை நான்தான் குறிப்பேன் என்பது அவருக்குப் புரிந்தது.

நான் குழம்பைத் தாளிக்கப் போனேன். மிளகாய் வற்றல் கருகி நெடி கூடம் வரை எழுந்தது. எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன். அடக்க அடக்க அதிகமானது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வர இருமினேன். கூடத்தில் பாட்டு நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையும் நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தன. சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தது. வாசல் கதவு அவருக்கு எதிரே திறந்தே கிடந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை.